ஒருவர், பல நிறுவனங்கள்: சி.ஆர்.எம். மென்பொருளில் அவரை எங்கே பதிவது?

வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொப்பியில் எழுதிவந்த ஒரு வியாபாரம் மென்பொருளுக்கு மாறும்போது, முதல் கிழமையிலேயே ஒரு கேள்வி எழும்: மூன்று இடங்களில் பொறுப்பு வகிக்கும் ஒருவரை எந்த நிறுவனத்தின் கீழ் பதிவது? "எது முக்கியமோ அதன் கீழ் போட்டுவிடுங்கள்" என்று ஒருவர் சொல்வார்; "மூன்றின் கீழும் ஒவ்வொரு தடவை போடுங்கள்" என்று இன்னொருவர் சொல்வார். மென்பொருளை விற்க வந்தவரோ "எங்களுடையதில் அதெல்லாம் செய்யலாம்" என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதை விளக்காமலே அடுத்த திரைக்குப் போய்விடுவார். முதல் இரண்டு பதில்களும் பிழையானவை. மூன்றாவது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

## மென்பொருள் எதிர்பார்க்கும் ஆள்

வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவ மென்பொருள், சுருக்கமாகச் சி.ஆர்.எம்., என்பது யாரோடு வியாபாரம் செய்கிறோம், அவர்களோடு என்ன பேசினோம், என்ன விலை சொன்னோம், என்ன விற்றோம் என்பவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கும் கருவி. அதற்குள் ஓர் ஆளைப் பற்றியோ ஓர் இடத்தைப் பற்றியோ ஒன்றாகச் சேமிக்கப்படும் விபரங்களைப் பதிவு என்கிறோம். ஆளுக்குரிய பதிவைத் தொடர்பாளர் என்றும், அவர் சார்ந்திருக்கும் கடை, சங்கம், கம்பனி, அலுவலகம் எதுவானாலும் அதற்குரிய பதிவை நிறுவனம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களோடு நடக்கும் வியாபாரத்தை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. அங்கே ஓர் ஆளுக்கு ஒரு கம்பனி, ஒரு பதவி, கம்பனியின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி. ஆகவே தொடர்பாளர் பதிவைத் திறந்தால் நிறுவனத்துக்கென்று ஒரேயொரு கட்டம்தான் கண்ணில் படும். அந்தக் கட்டத்தைப் பார்த்தவுடனேயே, ஓர் ஆளுக்கு ஒரு நிறுவனம்தான் இருக்க முடியும் என்று நாமும் நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தமது ஊர்க் கமக்காரர் அமைப்பின் செயலாளர். கமக்காரர் அமைப்பு என்பது வயற்காரர் சிலர் கூடிக் கதைக்கும் இடம் மட்டுமல்ல. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுவது, தன் பெயரில் கணக்கு வைத்துப் பொருள் வாங்கக்கூடியது. அதே ஆள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பணிப்பாளர் சபையிலும் இருக்கிறார். பரந்தனில் மைத்துனரோடு சேர்ந்து ஓர் அரிசி ஆலையும் நடத்துகிறார். கோயில் பரிபாலன சபையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒலிபெருக்கியும் மின்பிறப்பாக்கியும் விற்பவர் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கிளிநொச்சியில் நீர்ப்பம்பியும் ஆலை உதிரிப்பாகமும் விற்கும் ஒரு கடைக்கு இவர் மூன்று வேறு வாசல்களால் வருகிறார். வன்னியில் இது விதிவிலக்கான ஆள் இல்லை. ஊரில் எழுத்து வேலை தெரிந்த, நாலு பேர் நம்புகிற யாராக இருந்தாலும் ஏறத்தாழ இப்படித்தான் இருப்பார்.

## பொறுப்பு யாரிடம் இருக்கிறது?

ஒரு கலியாண வீட்டில் ஒரே ஆள் மணமகளுக்கு மாமாவாகவும் மணமகனுக்குச் சித்தப்பாவாகவும் இருக்கலாம். மச்சான் மச்சாள் கலியாணங்களில் அப்படித்தான் அமையும். "மாமா" என்பதை அவருடைய அடையாள அட்டையில் எழுத முடியாது, ஏனென்றால் மணமகனுக்கு அது பொய்யாகிவிடும். மணமகளின் அட்டையிலும் எழுத முடியாது, ஏனென்றால் அவளுக்கு இன்னும் எத்தனையோ உறவுகள் உண்டு. மாமா என்ற முறை அந்த இருவருக்கும் நடுவில் மட்டும் இருக்கிறது. இருவரில் ஒருவரை விலக்கினால் முறையும் போய்விடும்.

செயலாளர் என்ற பொறுப்பும் அப்படிப்பட்டது. அது அந்த ஆளின் பண்பும் இல்லை, கமக்காரர் அமைப்பின் பண்பும் இல்லை. இந்த ஆள் இந்த அமைப்போடு கொண்டிருக்கும் தொடர்பின் பண்பு. சி.ஆர்.எம். மென்பொருளில் இது தொடர்பாக நடக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை, தொடர்பின் மேல் எழுத வேண்டியதை ஆளின் மேல் எழுதுவதால் வருபவை.

## வழக்கமான ஒட்டுவேலைகள்

இது புரியாத இடத்தில் மூன்று விதமான ஒட்டுவேலைகள் நடக்கின்றன.

முதலாவது, ஒரே ஆளை மூன்று தடவை பதிவது. அவர் தொலைபேசி இலக்கத்தை மாற்றினால் ஒரு பதிவில் மட்டும் திருத்தப்படும். மற்ற இரண்டும் பழைய இலக்கத்தோடு கிடக்கும். காலையில் ஓர் ஊழியரும் மத்தியானம் இன்னோர் ஊழியரும் ஒரே விடயத்துக்கு அழைப்பார்கள், ஏனென்றால் ஒருவர் எழுதியது மற்றவரின் திரையில் வராது.

இரண்டாவது, ஒரே பதிவில் எல்லாவற்றையும் ஆலையின் கீழ் போட்டுவிடுவது. இதனால் வரும் தொல்லையைத் தொலைபேசியிலேயே கேட்கலாம்.

"அண்ணை, அந்தக் கொட்டேசன் என்ன மாதிரி?"

"எதைத் தம்பி கேக்கிறாய்? அமைப்புக்குக் குடுத்ததையோ, மில்லுக்குக் குடுத்ததையோ?"

கேட்ட ஊழியருக்குத் தெரியாது. திரையில் இருப்பது ஒரு பெயர், ஒரு ஆலை, இரண்டு கொட்டேசன். இதைவிடப் பெரிய சிக்கல் பணத்தில் வரும். ஆலை கடனுக்கு எடுத்த உருளைகளுக்குப் பணம் நிலுவையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுபோகத்துக்கு முன்னர் அமைப்புக்காக நான்கு பம்பிகள் கேட்டு அவர் வரும்போது, திரையில் சிவப்பாகத் தெரியும் நிலுவையைப் பார்த்துவிட்டுக் கடை தயங்கும். ஆலையின் கடன் அமைப்பின் கடன் இல்லை. ஊரார் சேர்த்த பணத்தோடு வந்திருக்கும் செயலாளரிடம் ஆலைக் கணக்கைக் கேட்பது அவரை அவமதிப்பதாகவும் முடியும்.

மூன்றாவது, தொடர்பாளர் பதிவில் நிறுவனம் 2, நிறுவனம் 3 என்று கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவது, அல்லது குறிச்சொல் ஒட்டிவிடுவது. பார்க்க இது தீர்வு மாதிரி இருக்கும். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவைத் திறந்து "இந்தச் சங்கத்தில் நமக்குத் தெரிந்தவர்கள் யார்?" என்று கேட்டால், முதலாவது கட்டத்தில் சங்கத்தின் பெயர் உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள், மூன்றாவது கட்டத்தில் உள்ளவர் வரமாட்டார். அவர் எந்தச் சங்கத்தில் என்ன பொறுப்பு, எப்போதிலிருந்து, இன்னும் இருக்கிறாரா என்பதற்கும் அங்கே இடம் இல்லை.

## இணைப்பும் ஒரு பதிவுதான்

1970 இல், ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த எட்கர் கொட், தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, அவற்றை அடையாளப் பெறுமதிகளால் ஒன்றோடொன்று பொருத்தும் முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றைய வியாபார மென்பொருள்களில் பெரும்பாலானவற்றின் அடியில் அந்த எண்ணம்தான் இருக்கிறது. நமக்கு அதில் இரண்டு வகைத் தொடர்புகள் தெரிந்தால் போதும்.

ஒரு நிறுவனத்துக்குப் பல ஆட்கள், ஆனால் ஓர் ஆளுக்கு ஒரே நிறுவனம் என்றால் அது ஒன்றுக்குப் பல என்ற தொடர்பு. இதற்கு ஆளின் பதிவில் ஒரு கட்டம் போதும். ஒரு நிறுவனத்துக்குப் பல ஆட்கள், ஓர் ஆளுக்கும் பல நிறுவனங்கள் என்றால் அது பலவுக்குப் பல என்ற தொடர்பு. இதை எந்தப் பக்கத்தின் கட்டத்துக்குள்ளும் அடக்க முடியாது. ஆகவே ஆட்களுக்கு ஓர் அட்டவணை, நிறுவனங்களுக்கு ஓர் அட்டவணை, இரண்டுக்கும் நடுவில் இணைப்புகளுக்கென்றே மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும். அந்த மூன்றாவது அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் இணைப்புப் பதிவு என்பார்கள்.

நமது கமக்காரருக்கு அடையாள எண் 101 என்றும், கமக்காரர் அமைப்புக்கு 20, கூட்டுறவுச் சங்கத்துக்கு 34, ஆலைக்கு 57 என்றும் வைத்துக்கொண்டால், நடு அட்டவணையில் மூன்று வரிகள் இருக்கும்:

101 – 20 – செயலாளர் – 2023 பங்குனி முதல் – கொட்டேசனைச் சபைக்குக் கொண்டுபோவார், கையொப்பமிடுவார்

101 – 34 – பணிப்பாளர் சபை உறுப்பினர் – 2021 ஆடி முதல் – கையொப்ப அதிகாரம் இல்லை

101 – 57 – பங்காளர் – 2018 தை முதல் – தாமே தீர்மானிப்பார்

ஆளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒரு தடவைதான் எழுதப்பட்டிருக்கின்றன, அதுவும் வேறோர் அட்டவணையில். இலக்கம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆலையின் முகவரி மாறினாலும் அப்படித்தான். எந்த நிறுவனத்தைத் திறந்தாலும் அவர் அங்கே உரிய பொறுப்போடு தெரிவார். அவரைத் திறந்தாலும் மூன்று நிறுவனங்களும் தெரியும்.

இந்த வரியில் தொடக்கத் திகதி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முடிவுத் திகதிக்கும் ஒரு கட்டம் வேண்டும், அதை நான் தொடக்கத் திகதியைவிட முக்கியமாகக் கருதுகிறேன். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வேறொருவர் செயலாளராகத் தெரிவானால், பழையவரின் இணைப்பை அழிக்கக்கூடாது. முடிவுத் திகதி போட்டு மூடிவைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஒரு பம்பி பழுதாகி உத்தரவாதச் சீட்டோடு திரும்பி வரும்போது, அதை வாங்கிய நாளில் கையொப்பமிட்டவர் யார் என்று கேட்டால் பதில் அந்த மூடிய வரியில்தான் கிடைக்கும். கமநல சேவை நிலையத்திலிருந்தும் பிரதேச செயலகத்திலிருந்தும் இடமாற்றம் பெற்றுப் போகும் உத்தியோகத்தர்களுக்கும் இதே முறைதான்: ஆள் அதே ஆள், பழைய இணைப்பு மூடப்படும், முல்லைத்தீவில் புதிய இணைப்புத் திறக்கப்படும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஆள் ஒரு தடவை, நிறுவனம் ஒரு தடவை, அவர்களுக்கு இடையில் எத்தனை தொடர்போ அத்தனை இணைப்புப் பதிவுகள். பொறுப்பு, காலம், அதிகாரம் மூன்றும் இணைப்பின் மேல் எழுதப்படும்.

## பொறுப்புகளுக்குப் பெயர் வைப்பது

மென்பொருளோடு வரும் பொறுப்புப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதில் முகாமையாளர், கொள்வனவு அதிகாரி, தீர்மானிப்பவர் என்று இருக்கும். வன்னியில் ஓர் ஆலைக்குப் புதிய இயந்திரம் வாங்கும்போது கடைசி வார்த்தை சொல்பவர் சில வேளைகளில் ரொறொன்ரோவில் இருக்கும் தமையனாக இருப்பார். ஆலையில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை, பணம் அவருடையது. அவரும் ஒரு தொடர்பாளர்தான், ஆலையோடு அவருக்கும் ஓர் இணைப்பு வேண்டும், பொறுப்பு "முதலிடுபவர், வெளிநாடு" என்று இருக்கலாம். இதை எழுதிவைக்காத கடை, ஊரில் இருக்கும் தம்பியிடம் மாதக்கணக்காகக் கொட்டேசனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பட்டியல் சிறியதாக இருக்கட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர், பணிப்பாளர், உரிமையாளர் அல்லது பங்காளர், முதலிடுபவர், பொருளை ஏற்றிப் போக வருபவர் என்ற அளவில் நிறுத்தினால் போதும். ஒவ்வோர் ஊழியரும் தம் விருப்பப்படி சொற்களை எழுத விட்டால் "செயலாளர்", "செயளாளர்", "செக்கிரட்டறி" என்று மூன்று பொறுப்புகள் உருவாகிவிடும், பிறகு தேடினால் எதுவும் முழுமையாக வராது.

## முதன்மை நிறுவனம் என்றால் என்ன?

பல நிறுவனங்களோடு இணைக்க இடம் தரும் மென்பொருள்களிலும் அவற்றுள் ஒன்றை முதன்மை என்று குறிக்கச் சொல்வதுண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சி.ஆர்.எம். மென்பொருளில் தொடர்பாளரின் பிரதான நிறுவனத்தோடு உள்ள இணைப்பு நேரடியானது என்றும் மற்றவை மறைமுகமானவை என்றும் பிரிக்கப்படுகின்றன. அந்த வசதியையும் மென்பொருளை அமைத்துப் பராமரிக்கும் நிர்வாகி முதலில் இயக்கிவைக்க வேண்டும், இயக்கும்வரை ஒரே கட்டம்தான். ஹப்ஸ்பொட்டில் ஒருவரைப் பல நிறுவனங்களோடு இணைத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பெயர்ச்சீட்டு வைக்கலாம்; அங்கேயும் முதன்மை ஒன்றுதான். மைக்ரோசொஃப்ட் டைனமிக்ஸ் 365 இல் நிறுவனக் கட்டம் ஒன்று இருக்க, மற்றத் தொடர்புகளைப் பொறுப்புகளோடு தனியே இணைக்கும் வசதி இருக்கிறது. சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோவின் சி.ஆர்.எம். மென்பொருளில் அடிப்படையில் ஒரு கட்டம்தான். ஒன்றுக்கு மேல் தெரிவு செய்யும் கட்டத்தை நிர்வாகி சேர்த்தால், நான் மேலே சொன்ன நடு அட்டவணையை மென்பொருள் தானே உருவாக்கிக்கொள்ளும்.

முதன்மை என்ற சொல்லைப் பார்த்ததும், அந்த ஆளுக்கு எது பெருமையான பதவி என்று பலர் யோசிக்கிறார்கள். அப்படி யோசித்தால் கூட்டுறவுச் சங்கம்தான் முதன்மையாக வரும், அங்கிருந்து நமது கடைக்கு ஒரு கொள்வனவும் வராமலே இருக்கலாம். மென்பொருளைப் பொறுத்தவரை முதன்மை என்பது வேறு எதுவும் சொல்லப்படாதபோது எடுத்துக்கொள்ள வேண்டிய நிறுவனம், அவ்வளவே. ஆனால் அந்தத் தெரிவுக்குப் பின்விளைவு உண்டு. சில அமைப்புமுறைகளில் தொடர்பாளரை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பது முதன்மை நிறுவனத்தைப் பின்பற்றியே தீர்மானிக்கப்படும். ஆகவே நமது கடையோடு அவர் அதிகம் வியாபாரம் செய்வது எந்த நிறுவனத்தின் பெயரிலோ அதை முதன்மையாக வைப்பதுதான் சரி.

## அழைப்பும் கொட்டேசனும் போய்ச்சேரும் இடம்

இணைப்புகளைச் சரியாகப் போட்டும் குழப்பம் தீரவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பை ஊழியர் அந்த ஆளின் பதிவில் மட்டும் எழுதினால், மென்பொருள் அதை முதன்மை நிறுவனத்தின் வரலாற்றில் சேர்த்துவிடக்கூடும். பம்பியைப் பற்றிப் பேசியது ஆலையின் பக்கத்தில் போய் நிற்கும். கொட்டேசனையும் விற்பனையையும் பதியும்போது ஆளையும் நிறுவனத்தையும் இரண்டையும் தெரிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டால் இது வராது. ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் "எதன் சார்பில் கதைக்கிறீர்கள் அண்ணை?" என்று கேட்டுவிடுவது அதைவிட எளிது.

மின்னஞ்சலில் இதைத் தானாகச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. முகவரியில் "அட்" குறிக்குப் பின்னால் வரும் பகுதியைப் பார்த்து, இவர் இந்தக் கம்பனிக்காரர் என்று ஹப்ஸ்பொட் போன்றவை பொருத்திவிடும். கமக்காரர் அமைப்புக்கும் அரிசி ஆலைக்கும் சொந்த இணைய முகவரி ஏது? இருப்பது ஒரு ஜிமெயில், அதையும் மகள்தான் திறந்து பார்ப்பாள், மற்றதெல்லாம் வட்ஸ்அப். அந்தத் தானியங்கி வசதிக்கு இங்கே வேலை இல்லை, அதற்காக அதிக விலைத் திட்டத்தை வாங்கவும் வேண்டாம்.

## ஒரே ஆள்தானா என்று அறிவது

ஓர் ஆளை ஒரு தடவைதான் பதிய வேண்டுமென்றால், வந்திருப்பவர் ஏற்கெனவே பதிவில் இருப்பவரா என்று தெரிய வேண்டும். தொலைபேசி இலக்கத்தை நம்பலாம் என்று தோன்றும். வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி இருக்கும் இடத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளரும் அவருடைய கணவரும் ஒரே இலக்கத்தைத்தான் தருவார்கள். இலக்கம் ஒத்தால் தானாக ஒன்றாக்கும்படி அமைத்திருந்தால், மனைவியின் சங்கக் கணக்கு கணவரின் பெயருக்குப் போய்விடும். இலக்கம் ஒத்தால் எச்சரிக்கை காட்டட்டும், தீர்மானத்தை மனிதர் எடுக்கட்டும். இலக்கத்தையும் ஒரே வடிவத்தில் எழுத வேண்டும்: 07 இல் தொடங்கும் பத்து இலக்கமாகவோ, முன்னால் உள்ள சுழியத்தை நீக்கி 94 சேர்த்தோ, எதுவானாலும் ஒன்று.

பெயரும் அவ்வளவு உதவாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். சேல்ஸ்ஃபோர்ஸ் போன்றவற்றில் கடைசிப் பெயர் இல்லாமல் தொடர்பாளரைச் சேமிக்கவே முடியாது. ஆகவே ஓர் ஊழியர் சொந்தப் பெயரை அந்தக் கட்டத்தில் போடுவார், இன்னொருவர் தகப்பன் பெயரைப் போடுவார், ஒரே ஆள் இரண்டாகிவிடுவார். சொந்தப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் முதலெழுத்தை முதற்பெயர்க் கட்டத்திலும் போடுவது என்று ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் உறுதியானது. ஆனால் அதிலும் பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த புதியது பன்னிரண்டு இலக்கம். பழையது பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தோடும் புதியது முழு வருடத்தோடும் தொடங்குவதால், புதிய அட்டை எடுத்தவர் புதிய ஆளாகத் தெரியலாம். கடனுக்குப் பொருள் கொடுக்கும் கடைக்கு இந்த இலக்கம் தேவைப்படும். மற்றவர்கள் அதைக் கேட்காமலிருப்பதே நல்லது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற விபரத்தை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்ற கோட்பாட்டைக் கொண்டது. அமைப்பின் செயலாளராக அவர் தந்த இலக்கத்துக்கு ஆலை உதிரிப்பாக விளம்பரங்களை அனுப்புவதற்கு முன்னர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்தச் சம்மதத்தையும் ஆளின் மேல் எழுதாமல் இணைப்பின் மேல் எழுதலாம்.

## ஏற்கெனவே உள்ள இரட்டைப் பதிவுகள்

புதிதாகத் தொடங்குபவருக்கு மேலே சொன்னது போதும். ஏற்கெனவே ஒரே ஆளை மூன்று தடவை பதிந்துவிட்டவர், அந்த மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். மென்பொருள்களில் அதற்கென்றே பொத்தான் உண்டு, அதை அவசரப்பட்டு அழுத்துவதுதான் ஆபத்து. மூன்று பதிவுகள் ஒன்றாகும்போது நிறுவனக் கட்டத்தில் ஒரு பெயர்தான் மிஞ்சும். பல நிறுவன வசதி இயக்கப்படாத இடத்தில் மற்ற இரண்டு பெயர்களும் அப்படியே போய்விடும், அவை எவை என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே முதலில் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்து வைக்க வேண்டும். பிறகு பல நிறுவன வசதியை இயக்கி, பொறுப்புப் பட்டியலை அமைக்க வேண்டும். மூன்றில் எந்தப் பதிவை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று தீர்மானித்து, மற்ற இரண்டின் நிறுவனங்களையும் அந்தப் பதிவோடு பொறுப்புப் போட்டு இணைக்க வேண்டும். பழைய கொட்டேசன்களும் நிலுவைகளும் உரிய நிறுவனத்தின் கீழ் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே ஒன்றாக்கும் பொத்தானைத் தொட வேண்டும், ஏனென்றால் ஒன்றாக்கியதை மீண்டும் பிரிப்பது பல மென்பொருள்களில் முடியாத காரியம். ஐந்தாறு பேரின் பதிவுகளில் செய்து பார்த்துவிட்டு மற்றவர்களுக்குப் போகலாம். காலபோக விதைப்பு நேரத்தில், கடையில் ஆள் நெரிசலாக இருக்கும்போது மட்டும் இதைத் தொடங்க வேண்டாம்.